பழக் கழிவிலிருந்து புரதத் தீவனம்: சேமிப்பைப் போடும் முன் போட வேண்டிய 4 கணக்குகள்



"பழத்தோல் சும்மா கிடைக்குது சார். அதுல பூஞ்சையைப் போட்டு அஞ்சு நாள் வெச்சா புரதம் நிறைஞ்ச மாட்டுத் தீவனம். மெஷின் 8 லட்சம். நீங்க தயாரிக்கிற தீவனத்தை நாங்களே வாங்கிக்கிறோம்."

இப்படி ஒரு பேச்சு உங்க காதுக்கும் வந்திருக்கலாம். மாசச் சம்பளத்துல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப ஈர்ப்பான பேச்சு. ஊர்ல நிலம் இருக்கு, அப்பா மாடு வெச்சிருக்கார், நம்ம கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, பேங்க்ல பர்சனல் லோன் ரெடியா இருக்கு. செஞ்சு பார்த்தா என்னன்னு தோணும்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இந்த அறிவியல் பொய் இல்லை. பழக் கழிவில் பூஞ்சை வளர்த்துப் புரதத்தைக் கூட்ட முடியும்னு பல நாட்டு ஆய்வுக்கூடங்கள்ல நிரூபிச்சிருக்காங்க. ஆனா ஆய்வுக்கூடத்துல நடக்கிறது வேற, உங்க அக்கவுண்ட்ல பணம் வர்றது வேற. நடுவுல நாலு கணக்கு இருக்கு. அந்த நாலையும் இன்னிக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல, என்னதான் நடக்குது?

மாம்பழத் தோல், அன்னாசித் தோல், ஜூஸ் பிழிஞ்ச சக்கை இதுல எல்லாம் சர்க்கரையும் நாரும் நிறைய, புரதம் குறைவு. தண்ணியை நீக்கிட்டுப் பார்த்தா 100 கிலோவுக்கு சுமார் 5 கிலோ புரதம்தான் தேறும்.

இதுல ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், ரைசோபஸ் மாதிரி ஒரு பூஞ்சையை விதைச்சா, அது சர்க்கரையைச் சாப்பிட்டு வளரும். பூஞ்சையோட உடம்புல புரதம் அதிகம். இந்தோனேசியாவில் சோயாவை 'டெம்பே' ஆக்குறதும் ரைசோபஸ் பூஞ்சைதான். புரதம் கட்ட நைட்ரஜன் வேணும். பழத்தோல்ல அது போதாது. அதனால யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட் சேர்ப்பாங்க. சரியான ஈரம், சூடு, காற்று கொடுத்தா சில நாள்ல தோல் முழுக்கப் பூஞ்சை நூல் படர்ந்திடும்.

பாடம் இவ்வளவுதான். இனி கணக்கு. கீழே வர்ற விலை எல்லாம் உதாரணத்துக்கு எடுத்தது. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்குப் போடுங்க.

கணக்கு 1: நீங்க வாங்குறது பழத்தோலா, தண்ணியா?

1,000 கிலோ பழக் கழிவு வருதுன்னு வெச்சுக்குவோம். அதுல 85 சதவீதம் தண்ணி. அதாவது 850 கிலோ தண்ணி, 150 கிலோதான் உலர்பொருள். ஒரு கிலோ திராட்சையைக் காயவெச்சா கால் கிலோ உலர்திராட்சைதானே கிடைக்கும்? அதே கதைதான்.

பூஞ்சை வளரும்போது சாப்பிட்ட சர்க்கரையில ஒரு பகுதியை எரிச்சுக் கரியமில வாயுவா வெளியே விட்டுடும். உலர்பொருள்ல 30 கிலோ அப்படிப் போகுதுன்னு வெச்சுக்குவோம். 3 கிலோ யூரியா சேர்த்திருக்கோம். மிச்சம் 123 கிலோ. மூட்டையில கட்டி விக்கிற மாதிரி 10 சதவீத ஈரத்துக்குக் காயவெச்சா சுமார் 137 கிலோ சரக்கு. ஒரு டன் உள்ளே போய் 137 கிலோ வெளியே வருது.

இந்த 137 கிலோவுக்காக சுமார் 835 லிட்டர் தண்ணியை வெளியேத்தணும். ஒரு லிட்டர் தண்ணியை ஆவியாக்கவே கிட்டத்தட்ட 0.63 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேணும். டிரையர்ல வீணாகிற வெப்பத்தையும் சேர்த்து லிட்டருக்கு ஒரு யூனிட்னு வெச்சா 835 யூனிட். யூனிட் 8 ரூபாய்னா 6,680 ரூபாய். ஒரு கிலோ தீவனத்துக்குக் காயவைக்கிற செலவு மட்டுமே சுமார் 49 ரூபாய்!

சரி, இந்தச் சரக்கு என்ன விலைக்குப் போகும்? இதோட புரதம் சுமார் 13 சதவீதம் வரும் (எப்படின்னு அடுத்த கணக்குல பார்ப்போம்). கோதுமைத் தவிட்டிலயே கிட்டத்தட்ட 15 சதவீதம் புரதம் இருக்கு. தவிடு கிலோ 25 ரூபாய்னா, அதைவிட அதிகம் கொடுத்து உங்ககிட்ட யார் வாங்குவாங்க? 25 ரூபாய்க்கே வித்தாலும் வரவு 3,425 ரூபாய். காயவெச்ச செலவு 6,680. வேலை ஆள் கூலி, வண்டி வாடகை, ஷெட் வாடகை எதையும் இன்னும் கணக்குல எடுக்கவே இல்லை.

"பிழிஞ்சு தண்ணியை எடுத்துடலாமே?" எடுக்கலாம். ஆனா பூஞ்சைக்கு வேண்டிய சர்க்கரையும் அந்தச் சாறோடயே போயிடும். "தவிடு கலந்து ஈரத்தைக் குறைக்கலாமே?" குறைக்கலாம், ஆனா அந்தத் தவிட்டை நீங்க காசு கொடுத்து வாங்கணும். "வெயில்ல காயவெச்சா?" கரண்ட் செலவு இல்லை. பதிலுக்கு இடம், ஆள், நாள் மூணும் வேணும். நடுவுல ஒரு மழை வந்தா வேண்டாத பூசணம் பிடிக்கும். அதைப் பின்னால பார்ப்போம்.

கணக்கு 2: அந்தச் சதவீதம் எங்கேயிருந்து வந்துச்சு?

"5 சதவீதம் புரதம் 13 சதவீதம் ஆயிடுச்சு, இதோ லேப் ரிப்போர்ட்"னு காட்டுவாங்க. ரிப்போர்ட் உண்மையாவே இருக்கலாம். ஆனா அந்த எண்ணை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சுக்கோங்க.

சாதாரண லேப்ல புரதத்தை நேரடியா அளக்கறது இல்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்குவாங்க. புரதத்துல சராசரியா 16 சதவீதம் நைட்ரஜன் இருக்குங்கிறதால இந்தப் பெருக்கல். இதுக்குப் பேர் கச்சாப் புரதம். பிரச்சினை என்னன்னா, யூரியாவில 46 சதவீதம் நைட்ரஜன். அதை 6.25-ஆல பெருக்கினா 287. அதாவது ஒரு கிலோ யூரியாவை இந்த டெஸ்ட் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதம்னு காட்டும்!

நம்ம உதாரணத்துக்கு வாங்க. 150 கிலோ உலர்பொருள்ல 7.5 கிலோ புரதம். 3 கிலோ யூரியா சேர்த்தா ரிப்போர்ட்டுல இன்னும் 8.6 கிலோ கூடும். மொத்தம் 16.1 கிலோ. பூஞ்சையே போடாம, வெறும் யூரியாவைக் கலக்கி அன்னிக்கே லேபுக்கு அனுப்பினாலும் 5 சதவீதம் 10.5 ஆகிடும். பூஞ்சை 30 கிலோ சர்க்கரையை எரிச்ச பிறகு அதே 16.1 கிலோவை 123-ஆல வகுத்தா 13.1 சதவீதம். மேல இருக்கிற எண் மாறவே இல்லை, கீழே இருக்கிற எண் குறைஞ்சதால சதவீதம் ஏறிடுச்சு.

2008-இல் சீனாவில் பால் பவுடர்ல மெலமைன் கலந்து குழந்தைகள் பாதிக்கப்பட்டது ஞாபகம் இருக்கா? அங்கேயும் நைட்ரஜன் டெஸ்ட்டை ஏமாத்தத்தான் மெலமைன் கலந்தாங்க.

பூஞ்சை ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல வரல. அந்த யூரியாவில ஒரு பங்கை அது உண்மையான புரதமா மாத்துது. எவ்வளவு மாத்துச்சுங்கிறதுதான் கேள்வி. அதனால நீங்க கேட்க வேண்டியது மூணு: உண்மைப் புரதம் எவ்வளவு, மாறாம மிஞ்சின யூரியா எவ்வளவு, ஆரம்பத்துல போட்ட உலர்பொருள்ல எவ்வளவு மிச்சம். இந்த மூணு எண்ணும் இல்லாத ரிப்போர்ட்டை வெச்சு ஒரு ரூபாய் கூடப் போடாதீங்க.

இன்னொண்ணு. கடையில விக்கிற வேப்பெண்ணெய் பூசிய மானிய யூரியா விவசாயத்துக்குத்தான். அதைத் தொழிலுக்குத் திருப்பினா சட்டப்படி குற்றம். யூரியா விலையைக் கணக்குல எழுதும்போது மானிய விலையை எழுதியிருந்தா, அந்த பிராஜெக்ட் ரிப்போர்ட்டே தப்பு.

கணக்கு 3: சாப்பிடப் போறது யாரு?

இது பலரும் யோசிக்காத கணக்கு. மாட்டோட முதல் வயித்துல கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. அதுங்க நாரையும் சர்க்கரையையும் உடைச்சு, கிடைக்கிற நைட்ரஜனைப் புரதமா மாத்துது. கடைசியில மாடு அந்த நுண்ணுயிர்களையே செரிச்சுப் புரதத்தை எடுத்துக்குது. அதாவது, 8 லட்ச ரூபாய் மெஷின் செய்யப்போற வேலையில பெரும்பகுதியை மாடு தன் வயித்துக்குள்ளயே இலவசமா செஞ்சுக்கிட்டு இருக்கு! பூஞ்சை நாரைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும், உண்மைப் புரதம் கொஞ்சம் கூடும். ஆனா மாட்டுக்குச் சக்தி தர வேண்டிய உலர்பொருள்ல ஐந்தில் ஒரு பங்கை அது முன்னாடியே எரிச்சுடுது.

அப்போ கோழிக்குக் கொடுக்கலாமா? கோழிக்கு அப்படி ஒரு வயிறு இல்லை. யூரியா அதுக்குப் பிரயோஜனமில்லை, அளவு கூடினா விஷம். அதுக்கு உண்மைப் புரதம்தான் வேணும். அதனால பூஞ்சைப் புரதத்துக்கு நியாயமான மார்க்கெட் கோழியும் மீனும்தான். ஆனா முட்டைக்கோழித் தீவனத்துக்கே சுமார் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேணும், நார் குறைவா இருக்கணும். நம்ம கையில இருக்கிறது 13 சதவீதம், அதுவும் நார் நிறைஞ்சது. நாமக்கல் பண்ணைக்காரர் சோயாப் புண்ணாக்கை விட்டுட்டு இதை வாங்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

சோயாப் புண்ணாக்குல சுமார் 45 சதவீதம் புரதம். கிலோ 45 ரூபாய்னா ஒரு கிலோ புரதத்துக்கு 100 ரூபாய். நம்ம பழத்தோல் சரக்குல ரிப்போர்ட்டுல இருக்கிற 16.1 கிலோ முழுசும் உண்மைப் புரதம்னே ஒத்துக்கிட்டாலும், காயவைக்கிற செலவை மட்டும் வகுத்தா ஒரு கிலோ புரதத்துக்கு 415 ரூபாய். எந்தத் தீவனத் திட்டம் வந்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் போடுங்க: மொத்தச் செலவு வகுத்தல் உண்மைப் புரதக் கிலோ. பக்கத்துல புண்ணாக்கோட எண்ணை எழுதுங்க. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்திடும்.

கணக்கு 4: மெஷின் வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் தொழிற்சாலைகள் நிறைய இருக்கு. பழத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தோலும் கொட்டையுமா கழிவாப் போகுது. ஆனா அது சீசன்ல மட்டும். வருஷத்துல 100 நாள்னு வெச்சுக்குவோம்.

8 லட்சம் பர்சனல் லோன், 13 சதவீத வட்டி, 5 வருஷம். மாச இ.எம்.ஐ. சுமார் 18,200 ரூபாய். வருஷத்துக்கு 2,18,400. மெஷின் ஓடுற 100 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 2,184 ரூபாய். அன்னிக்கு ஒரு டன் ஓட்டி வர்ற மொத்த வரவே 3,425 தான்னு பார்த்தோம். பேங்க் மாம்பழ சீசன் பார்த்து இ.எம்.ஐ. பிடிக்காது, பன்னிரண்டு மாசமும் பிடிக்கும்.

லோன் இல்லை, சொந்தப் பணம்னாலும் சும்மா இல்லை. 7 சதவீத எஃப்.டி.யில போட்டா வருஷம் 56,000 ரூபாய் நீங்க கையைக் காலை ஆட்டாமலே வரும். இந்தத் தொழில் முதல்ல அதைத் தாண்டணும்.

இன்னொண்ணு, "கழிவு சும்மா கிடைக்கும்"கிறது இன்னிக்கு உண்மை. நீங்க மெஷின் வாங்கினதும் அதுக்கு ஒரு விலை வரும்.

பெரிய கம்பெனிகளுக்கு என்ன ஆச்சு?

பின்லாந்தில் 1975-இல் ஒரு காகித ஆலையை ஒட்டி 'பெகிலோ'ன்னு ஒரு தொழிற்சாலை வந்துச்சு. காகிதக்கூழ் தயாரிக்கும்போது வர்ற கழிவுத் திரவத்துல பூஞ்சை வளர்த்துப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனம் செஞ்சாங்க. தரமான சரக்கு, 50 சதவீதத்துக்கு மேல புரதம். ஆனா அந்தக் கழிவைத் தர்ற பழைய முறைக் காகிதக்கூழ் ஆலைகள் ஒண்ணொண்ணா மூடினதும், மூலப்பொருள் இல்லாம இதுவும் 1990களின் ஆரம்பத்துல நின்னுபோச்சு.

பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனம் பில்லிங்ஹாம் ஊரில் மெத்தனாலை வெச்சு பாக்டீரியாப் புரதம் தயாரிச்சது. பேர் 'புரூட்டீன்', அதுவும் கால்நடைத் தீவனம். தொழில்நுட்பம் அருமையா வேலை செஞ்சது. ஆனா சோயா விலையோட போட்டி போட முடியாம கைவிட வேண்டியதாச்சு. பிறகு அதே நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோட சேர்ந்து பூஞ்சைப் புரதத்தை மனுஷங்க சாப்பாடா வித்தது. 1985-இல் கடைக்கு வந்த 'குவார்ன்' அதுதான். அது நிலைச்சது. மனுஷங்க சாப்பிடுற புரதத்துக்குக் கிடைக்கிற விலை புண்ணாக்குக்குக் கிடைக்காது.

சட்டமும் பாதுகாப்பும்

விக்கிற கலப்பு மாட்டுத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்ற தர அளவு இருக்கு. முதல் வகைக்குக் குறைந்தது 22 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் கச்சாப் புரதம். நம்ம 13 சதவீதச் சரக்கைத் தனியா அந்தப் பேர்ல விக்க முடியாது. வேற தீவனத்துல கலக்கும் பொருளாத்தான் போகும். விலையை நிர்ணயிக்கிறது வாங்குறவர்.

அதைவிட முக்கியம் அஃப்ளாடாக்சின். நீங்க நல்ல பூஞ்சையை விதைச்சாலும், ஈரம் சரியாக் காயலைன்னா ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற கெட்ட பூசணம் வந்து ஒட்டிக்கும். அது விடுற நஞ்சு தீவனம் வழியா மாட்டுக்குப் போய், பால்ல வரும். காய்ச்சினாலும் போகாது. தீவனத்துல அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது. பால்ல எம்1 அளவு 0.5 மைக்ரோகிராம்தான். அந்தப் பாலைக் குடிக்கப் போறது உங்க வீட்டுக் குழந்தையாக்கூட இருக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் டெஸ்ட் செலவைக் கணக்குல சேருங்க.

அப்போ யாருக்கு இது சரிவரும்?

மூணு நிபந்தனையும் ஒண்ணா இருந்தா யோசிக்கலாம்.

1. கழிவு வருஷம் முழுக்க, ஒரே இடத்துல, எழுத்துல ஒப்பந்தமா கிடைக்கணும்.
2. காயவைக்க வெப்பம் சும்மா கிடைக்கணும். உதாரணமா, பக்கத்துத் தொழிற்சாலை பாய்லர்ல வீணாகிற சூடு.
3. நாரிலிருந்து பூஞ்சையைப் பிரிச்சு, கோழிக்கும் மீனுக்கும் போற அளவுக்கு அதிக உண்மைப் புரதம் எடுக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கணும்.

இது பெரிய ஜூஸ் தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலை. ஒரு சம்பளக்காரர் வார லீவுல செய்யற வேலை இல்லை.

உங்க வீட்டுல 10 மாடு இருக்கு, 10 கிலோமீட்டருக்குள்ள ஜூஸ் கம்பெனி இருக்குன்னா, இதைவிட எளிமையான வழி ஒண்ணு இருக்கு: ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ். பழத்தோலை நறுக்கி, வைக்கோல் அல்லது சோளத்தட்டையோட கலந்து, டிரம்ல காற்றுப் புகாம அமுக்கி சுமார் மூணு வாரம் மூடி வெக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் அன்னாசிக் கழிவுக்கு இந்த முறையை உருவாக்கியிருக்கு. டிரையர் வேண்டாம், யூரியா வேண்டாம்.

தினம் 200 கிலோ தோல்னா 30 கிலோ உலர்பொருள். கிலோ 12 ரூபாய்னு அடக்கமா மதிப்புப் போட்டா 360 ரூபாய் தீவனச் செலவு மிச்சம். வண்டி, கூலி, உப்பு, பிளாஸ்டிக் ஷீட் 210 போனா நாளைக்கு 150 ரூபாய். 90 நாள் சீசனுக்கு 13,500. டிரம்முக்கும் ஷீட்டுக்கும் 10,000 ரூபாய் போட்டா முதல் சீசன்லயே திரும்பிடும். பெரிய தொகை இல்லைதான். ஆனா போனாலும் உங்க ஒரு மாசச் சம்பளத்துக்குள்ளதான் போகும். ஆரம்பிக்கும் முன் உள்ளூர் கால்நடை மருத்துவர்கிட்ட எவ்வளவு கொடுக்கலாம்னு கேட்டுக்கோங்க, மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

இதுல கவனிச்சீங்களா? லாபம் பூஞ்சையிலிருந்து வரல. கழிவும் மாடும் பக்கத்துல இருந்ததால வந்துச்சு.

"நாங்களே வாங்கிக்கிறோம்"னு சொன்னா

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிஞ்சது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் இதே வாக்குறுதிதான்: நீங்க வளருங்க, நாங்க வாங்கிக்கிறோம். வெளி மார்க்கெட்டில் வாங்க ஆள் இல்லாத சரக்கை ஒருத்தர் மட்டும் நல்ல விலைக்கு வாங்குறேன்னு சொன்னா, அவருக்குப் பணம் எங்கேயிருந்து வருதுன்னு கேளுங்க. சரக்கு வித்து வருதா, அடுத்த ஆளுக்கு மெஷின் வித்து வருதா?

கூட்டத்துக்குப் போனா இந்த அஞ்சு கேள்வியை போன்ல எழுதி எடுத்துட்டுப் போங்க:

- ஒரு டன் ஈரக் கழிவுக்கு எத்தனை கிலோ உலர்ந்த சரக்கு வரும்?
- காயவைக்கிற செலவு கிலோவுக்கு எவ்வளவு? கரண்ட் பில் காட்ட முடியுமா?
- உண்மைப் புரதம் எவ்வளவு, மிஞ்சின யூரியா எவ்வளவு?
- அஃப்ளாடாக்சின் ரிப்போர்ட் எங்கே?
- உங்களைத் தவிர இந்தச் சரக்கை வாங்குற மூணு பேர் யார்? நான் அவங்ககிட்ட பேசலாமா?

பதில் தெளிவா வந்தா உட்கார்ந்து பேசுங்க. "சார், நீங்க ரொம்ப நெகட்டிவா யோசிக்கிறீங்க"ன்னு பதில் வந்தா, டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

உங்க ஊர்ல தவிடு என்ன விலை, புண்ணாக்கு என்ன விலைன்னு கமெண்ட்ல எழுதுங்க. அந்த விலைகளை வெச்சு இந்தக் கணக்கை அடுத்த வீடியோவில் ஒவ்வொரு ஊருக்கும் போட்டுப் பார்ப்போம்.